குண்டு ரொட்டியின் பூர்வீகம்

உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் உண்டு, அதுவும் ஒரே ஒரு பெயர்தான் உண்டு என்பது அரசாங்க விண்ணப்பப் பாரங்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. நியாலாஸ் என்ற ஊரில் ரொட்டி சுட்டு விற்கும் பால்ராஜுக்கு அந்த விவரம் தெரியாமல் போனதுதான் வினை.

இருபத்திரண்டு வருடமாக அவர் சுடுவது உள்ளங்கை அகலத்தில் உருண்டையாக ஒரே ரொட்டி. அதை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். நியாலாஸ் எஸ்டேட்டுகளில் அது குண்டு ரொட்டி. கோப்பியில் முக்கித் தின்பார்கள். மாநில எல்லையில் இருக்கும் லூபோக் சீனாவில் இரண்டாகப் பிளந்து சார்டின் மீன் சம்பல் வைப்பார்கள். அங்கே அதன் பெயர் பிளவு ரொட்டி. கடலோர ஊரான உம்பாயில் மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவதால் கறி பன். பால்ராஜுக்கு அது வெறும் ரொட்டி.

இந்த வருடம் உரிமத்தைப் புதுப்பிக்கப் போன மனிதர், பொருளின் பெயர் என்ற கட்டத்தில் மூன்று பெயரையும் நெருக்கி எழுதிவிட்டார். பொய் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்.

கவுண்டரில் இருந்த அதிகாரி நிர்மலாதேவி பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு பேர் இருக்கே அங்கிள். அப்படின்னா மூணு பொருள் லா."

"ஒரே ரொட்டிதாம்மா. ஊருக்கு ஊர் பேரு மாறும்."

"சிஸ்டம் ஒத்துக்காதே, அங்கிள்."

உரிமம் நின்றது. வேன் நின்றது. அடுப்பு ஆறிக் கிடந்தது. பாரத்தில் போய் உண்மையை எழுதச் சொன்னது யார் என்று மனைவி பாட்ரீசியா மூன்று வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பால்ராஜுக்கு ராத்தூக்கம் போயிற்று.

பிரச்சினை படியேறி இலாகா இயக்குநரிடம் போனது. அவர் அப்போதுதான் பிரிட்டனுக்குப் பன்னிரண்டு நாள் ஆய்வுப் பயணம் போய்த் திரும்பியிருந்தார். அங்கே இதே மாதிரி ஒரு சின்ன ரொட்டியை ஒரு ஊரில் பாப் என்கிறார்கள், இன்னொரு ஊரில் காப், வேறொரு ஊரில் பார்ம். தன் ஊர்ப் பெயர்தான் சரி என்று மூக்கு சிவக்கச் சண்டை போடுகிறார்கள். முன்னேறிய நாட்டின் லட்சணம் இதுதான் என்று அவருக்குப் பட்டது. நாம் மட்டும் எதில் குறைந்துபோனோம்? உடனே நிபுணர் குழு ஒன்று மேன்மைமிகு முறையில் அமைக்கப்பட்டது.

மாதிரி கொண்டுவரச் சொன்னார்கள். பால்ராஜ் ஒரே தட்டில் வெந்த மூன்று ரொட்டியை எடுத்துப் போய், பெயர் எழுதிய மூன்று பீங்கானில் வைத்தார். ஐந்து நிபுணர்கள் மென்றார்கள், கண்ணை மூடினார்கள், எழுதினார்கள். குண்டு ரொட்டியில் தோட்டத்து மண்ணின் அடக்கம் தெரிகிறதாம். பிளவு ரொட்டியில் எல்லைப்புற ஊருக்கே உரிய உறுதி. கறி பன்னில் கடற்காற்றின் சாயல் ஐயத்துக்கு இடமின்றி வீசுகிறதாம்.

"மூணும் ஒரே தட்டுல வெந்ததுதாம்மா" என்று பக்கத்தில் நின்ற நிர்மலாதேவியிடம் சொன்னார் பால்ராஜ்.

"நீங்க பேக்கர் அங்கிள். எக்ஸ்பர்ட் அவங்கதான்."

தீர்ப்பு வந்தது. மூன்றும் மூன்று ஊர்களின் மரபுச் சொத்து. ஓர் ஊரின் சொத்தை வேறோர் ஊர்க்காரர் சுடவோ விற்கவோ கூடாது. நியாலாஸ்காரரான பால்ராஜுக்குக் குண்டு ரொட்டி மட்டும், அதுவும் நியாலாஸுக்குள் மட்டும். கூடவே தங்க ஜரிகை போட்ட சான்றிதழ் ஒன்று, கண்ணாடிச் சட்டத்தோடு.

பால்ராஜுக்குப் பாதிக்கு மேல் வாடிக்கையாளர் போனார்கள். ஆனாலும் சட்டம் பெரியது, பளபளப்பானது. கடையில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஊர் முகப்பில் குண்டு ரொட்டியின் பிறப்பிடம் என்று வளைவு எழுந்தது. இத்தனை வருடம் ரொட்டி சின்னதாகிவிட்டது என்று குறை சொன்னவர்களெல்லாம் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் இந்த ஊர்த் தண்ணீரின் மகிமை என்று பால்ராஜே சொல்லத் தொடங்கினார். முதல் தடவை சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து உம்பாயிலிருந்து மணியம் வந்தான். மீன் பிடிக்கிறவன், பதினைந்து வருட வாடிக்கை. ரொட்டி கிடைக்காத ஏக்கத்தில் அத்தனை தூரம் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான்.

"கறி பன் இருக்காண்ணே?"

பால்ராஜ் ஒருமுறை சட்டத்தைப் பார்த்தார்.

"அது இங்க கிடைக்காது மணியம். இது குண்டு ரொட்டி. ரெண்டும் வேற வேற."

மணியம் ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டு, நிதானமாக மென்றான்.

"ஆமாண்ணே, வேறதான்" என்றான். "எங்க பன்னோட ருசி இதுல வரல."