நலம்புரியில் காய்ச்சல் இல்லை

நலம்புரி நாட்டில் அரசு அள்ளிக் கொடுத்தது கிருமிக்கொல்லி மாத்திரை. தும்மலுக்கும் அதுதான், தலைவலிக்கும் அதுதான். கோழித் தீவனத்திலும் கலந்தார்கள். தேர்தல் வந்தால் மன்னர் படம் போட்டு வீட்டுக்கு ஒரு டப்பா. பல ஆண்டுகள் அதற்குப் பழகிய கிருமிகள் ஒருநாள் சாக மறுத்துவிட்டன.

தலைநகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறிப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு நான்காம் நாளுக்குள் காய்ச்சல் கண்டது. தையலில் சீழ் வைத்தது. தலைமைச் செவிலி செண்பகவடிவு, நலத்துறை அமைச்சர் கெம்பீரநாதரிடம் போய் நின்றாள்.

“ஐயா, மருந்து கேக்க மாட்டேங்குது. கண்டதுக்கெல்லாம் குடுக்கறத நிறுத்துங்க. வார்டுக்குக் குழாயும் சோப்பும் குடுங்க. கை கழுவினாலே பாதிப் பேரு பிழைப்பாங்க.”

“மன்னர் படம் போட்ட மருந்து தோற்றுவிட்டது என்கிறாயா? அது ராஜத்துரோகம். அளவை இரட்டிப்பாக்கு.”

இரட்டிப்பாக்கினார்கள். சாவும் கூடியது. அரசாணை வந்தது: தாய்மாரை மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்ப வேண்டும், ஆஸ்பத்திரிக்குள் நிகழ்வது மட்டுமே சாவாகக் கணக்கில் வரும். அந்த மாதம் ஒரு சாவும் பதிவாகவில்லை.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி, தறி நெய்யும் மாசானத்தின் மனைவி கோமதி. சுடுகிற அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்த செண்பகவடிவு, அனுப்ப விடாமல் வாசலை மறித்தாள். அங்கேயே செண்பகவடிவுக்கு வேலை போனது. கோமதி மறுநாள் வீட்டில் இறந்தாள்.

சாவில்லா ஆஸ்பத்திரிக்கு விழா எடுத்தார்கள். பத்தாயிரமாவது குழந்தையின் தகப்பன் என்று மாசானத்தை மேடையேற்றினார்கள்.

“தாய் எங்கேயப்பா? கூச்சப்படுகிறாளோ?” என்று சிரித்தார் அமைச்சர்.

“நாலாம் நாளு செத்துப்போனா ஐயா. உங்க கணக்குல வரமாட்டா.”

கூட்டத்தில் ஒருத்தி எழுந்தாள். “எம் மவளும் நாலாம் நாளுதான்.” பிறகு இன்னொருத்தி. பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள்.

கெம்பீரநாதர் பொறுப்பை உணர்ந்தார். மேடையிலேயே கையெழுத்திட்டார்: மக்கள் நலன் கருதி, பிள்ளை பெற்ற பெண்களுக்கு நான்காம் நாள் ரத்து. மூன்றுக்குப் பின் நேரே ஐந்து.

மறுவாரம் முதல் செண்பகவடிவு சோப்பும் தெர்மாமீட்டருமாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் பச்சைக் குழந்தையோடு ஒரு பெண் கதவை ஒருக்களித்தாள், கண்கள் சிவந்திருந்தன.

“பிள்ளை பெத்து எத்தன நாளும்மா?”

“அஞ்சு.”

செண்பகவடிவு நகரவில்லை. அந்தப் பெண் தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நாலுதான், அக்கா” என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.