அரைவட்டமும் ஒரு கோடும்

"இதுல குடை எங்கே?"

வடிவமைப்பாளருக்குச் சுருக்கென்றது. வெள்ளைத் தாளில் ஒரு கறுப்பு அரைவட்டம், அதன் கீழே ஒரு சிவப்புக் கோடு. குடைக் கம்பெனிக்காக மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, வேண்டாததையெல்லாம் கழித்துக் கழித்து அவன் செய்த லோகோ அது.

"இதுதாங்க குடை."

ஏசிக்கு நேர் கீழே, மேசைக்குப் பின்னால் இருந்த பெரிய நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர் தாளைத் தலைகீழாகத் திருப்பினார். "இப்படிப் பாத்தா கிண்ணம் மாதிரில்ல இருக்கு?"

"அப்படிப் பாக்கக் கூடாதுங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஓவியருங்க பூ, மரம் எல்லாத்தையும் விட்டுட்டு வெறும் வட்டம், சதுரம், கோடுன்னு வரைஞ்சாங்க. அந்த வழியில..."

"அவங்க குடை வித்தாங்களா?"

'தேவையில்லாத ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது' என்று குடைக் கம்பெனி முதலாளி கடிதம் எழுதியிருந்ததை நம்பித்தான் அவன் வரைந்தான். கடிதத்தில் ஒரு பேச்சு, நேரில் ஒரு பேச்சு! ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வாங்காவிட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று அவனுடைய மேனேஜர் சொல்லியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டான்.

"என்ன சேக்கணும், சொல்லுங்க."

"மழையே இல்லையேப்பா!"

செவ்வாய்க்கிழமை மூன்று துளிகளோடு வந்தான். போனில் பேசிக்கொண்டிருந்த வரவேற்பறைப் பெண், முதல் நாள் போலவே கையாலேயே அறையைக் காட்டினாள்.

"மழை சரி. குடைக்குக் கீழ ஆள் வேண்டாமா?"

புதன்கிழமை ஓர் ஆள் வந்தான்.

"பாவம், தனியா நிக்கிறானே. பொண்டாட்டி புள்ளைங்க இல்லையா?"

வியாழக்கிழமை குடும்பமே வந்தது. நால்வரும் நனையாமல் இருக்க அரைவட்டம் தாளின் இரு ஓரத்தையும் தொட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். இங்கே கட்டெறும்பு வீங்கிக் கழுதையாகிக்கொண்டிருந்தது.

"வெயிலுக்கும் குடை பிடிப்பாங்க. சூரியனைப் போடு," என்றார் பெரியவர். "வெயிலும் மழையும் சேந்து வந்தா வானவில் வரணுமே. அதையும் போட்டுடு."

"ஏழு கலரா?"

"அதுலயும் கழிக்கப் போறியா?"

அலுவலகத்துக்குத் திரும்பியதும், பார்க்கப் பார்க்க வயிறு எரிந்ததால் பழைய அரைவட்டத்தைக் கம்ப்யூட்டரிலிருந்தே அழித்துவிட்டான். அழித்த பிறகு கண் கலங்கியது.

வெள்ளிக்கிழமை, சூரியனும் வானவில்லும் குடும்பமும் நெருக்கியடித்த தாளை நீட்டினான். பெரியவர் முகம் மலர்ந்தது.

"அடடா! இப்பதான் கண்ணுக்கு நிறைவா இருக்கு!"

"ரொம்ப சந்தோஷம். இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க." பேனாவை நீட்டினான்.

"கையெழுத்தா? நான் எதுக்குப்பா போடணும்?"

கதவு திறந்தது. வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"சார், லோகோ கொண்டு வர்றவர் நீங்கதானா? தினமும் இவரோட பேசிட்டுப் போறதப் பாத்து, இவரு ஃப்ரெண்டுன்னுல்ல நெனச்சேன்! இவரு முதலாளியோட சகலை சார், வீட்டுல ஏசி ரிப்பேர்னு ஒரு வாரமா இங்க வந்து உக்காந்திருக்காரு. முதலாளி இப்பதான் வெளியூர்லேந்து வந்தாரு. ஒரு புள்ளிகூட அதிகமா இருக்கக் கூடாதுன்னு எழுதினாராமே, அந்தப் படத்தோட உங்கள தன்னோட ரூமுக்கு வரச் சொல்றாரு!"