பச்சை மாஸ்டரின் பொங்காத பொங்கல்

மலாக்கா மாநிலத்தில் அடுப்பை இவ்வளவு வெறுத்த மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் அவரும் என் பக்கத்து வீட்டுக்குத்தான் குடிவருவார். என் ராசி அப்படி.

பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அடையாள அட்டையில் என்ன பெயரோ, ஊருக்கு அவர் பச்சை மாஸ்டர். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், குருபோங் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். சாப்பிடுவது தேங்காய், வாழைப்பழம், முளைகட்டிய பயறு, கீரை, எல்லாம் பச்சையாக. நெருப்புப் பட்ட சாப்பாடு பிணம் என்பார். பஸ்ஸில் மைக் வேறு மாட்டியிருந்தார். வேலைக்குப் போகிறவர்கள் பாதி வழியில் இறங்க முடியுமா? குருபோங் போய்ச் சேரும்வரை மலச்சிக்கலைப் பற்றிக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஒருமுறை பாச்சாங்கில் ரொட்டி சானாய் கடை வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடம் துக்கம் விசாரித்திருக்கிறார். கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்த பிறகுதான் நகர்ந்தாராம். முகநூலில் அவர் பேச ஆரம்பித்தால் பாதிப் பேர் தெய்வம் என்பார்கள், மீதிப் பேர் போலீசில் பிடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். அந்த மீதிப் பேரில் நான்தான் முதல் ஆள். ஏனென்றால் இனிப்புநீர் வியாதிக்காரரான என் வீட்டுக்காரர் அவருடைய பரம பக்தர்.

"மாத்திரை எல்லாம் கெமிக்கல்லா, தங்கச்சி. விட்டுட்டா உடம்பு தானா சரி பண்ணிக்கும்," என்பார் மாஸ்டர், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"சரியாவலன்னா நீங்க வந்து எங்க வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுவீங்களா?"

"அரிசியே வேணாம்னுதானே சொல்றேன்."

என் வீட்டுக்காரர் சண்டை பிடிக்காத மனிதர். காலையில் நான் நீட்டுகிற மாத்திரையை விழுங்குவார். பிறகு மாஸ்டர் நீட்டுகிற கீரைச் சாற்றையும் குடிப்பார். இரண்டு கட்சிக்கும் நல்ல பிள்ளை. அதுதான் அவரைக் கவிழ்த்தது.

போன பொங்கலுக்கு மாஸ்டர் ஒரு புரட்சி செய்தார். அடுப்பில்லாப் பொங்கல். வீட்டு முன்னால் பானைக்கு மஞ்சள் கட்டி, ஊறவைத்த அவல், தேங்காய்ப்பூ, வாழைப்பழம் எல்லாம் போட்டு நிரப்பினார். சுற்றிலும் சீடர்கள், கையில் போன். பானையைப் பிடித்தபடி வெயிலில் நின்றவர் என் வீட்டுக்காரர். சூரியனுக்குப் படைக்கும்வரை வெறும் வயிறாக இருக்கவேண்டும் என்று மாஸ்டர் உத்தரவு. காலையிலிருந்து உள்ளே போனது என் மாத்திரையும் வெள்ளரிச் சாறும் மட்டும். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் எங்கள் வாசலில் நிஜப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். உதவிக்கு வந்தது யார் தெரியுமா? மாஸ்டரின் மனைவி கமலாக்கா. குலா மெலாக்கா வெல்லத்தைப் பாகு காய்ச்சி இறக்கி, கிண்ணத்தில் ஊற்றி ஆறவைத்திருந்தார்.

"அவரு அங்க ஊற வைக்கட்டும். வருசத்துல ஒரு நாளாச்சும் எனக்கு பொங்கணும்லா," என்றார்.

அந்தப் பக்கம் "பொங்கலோ பொங்கல்" என்று சத்தம். பானை அசையவில்லை, அசைந்தது என் வீட்டுக்காரர். முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது, கை வெடவெடவென்று நடுங்கியது, ஆள் அடையாளம் தெரியாமல் என்னைப் பார்த்து "அம்மா, பசிக்குது" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கரண்டியைப் போட்டுவிட்டுச் சுவருக்கு ஓடினேன்.

"பயப்படாதீங்க அக்கா. கழிவு வெளிய போவுது. மாஸ்டர் சொல்லியிருக்காரு," என்றான் ஒரு சீடன்.

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் என் வீட்டுக்காரரின் கையைத் தொட்டார். சில்லிட்டிருந்தது.

"கழிவும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. சீனி எறங்கிருச்சுடா. தள்ளு."

அந்த வயதில் அந்தச் சுவரை எப்படித் தாண்டினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் வாசலில் இருந்த கமலாக்காவின் பாகுக் கிண்ணத்தைப் பறித்துக்கொண்டு அதே வேகத்தில் திரும்பினார். அத்தனை போன்களும் படம் பிடிக்க, என் வீட்டுக்காரரை மார்பில் சாய்த்துக்கொண்டு, நெருப்பில் காய்ச்சிய பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். "முழுங்கு தம்பி, முழுங்கு. என் மேல சத்தியம், இது நல்லது," என்றார். அவர் குரல் அழுதது.

கண் தெளிந்ததும் பஸ்ஸில் ஏற்றி கிளினிக்குக் கொண்டுபோனார். வெறும் வயிற்றில் மாத்திரை கொடுத்ததற்கு என்னையும், மாத்திரைக்காரரைப் பட்டினி போட்டதற்கு அவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து டாக்டர் திட்டினார். வாழ்க்கையில் நாங்கள் இருவரும் ஒரே கட்சியில் நின்றது அன்றுதான்.

மறுநாள் பஸ் மைக்கில் மாஸ்டர், "டாக்டரக் கேக்காம யாரும் மாத்திரைய விடாதீங்க. நான் சொன்னது தப்பு," என்றாராம். அதற்குள் வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. துரோகி என்றார்கள், வெல்லப்பாகு மாஸ்டர் என்றார்கள். சீடர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எனக்கே பொறுக்கவில்லை.

"ஏன் மாஸ்டர், ஒங்க ஆளுங்க எல்லாம் போயிட்டாங்களே?"

தேங்காயைத் துருவிக்கொண்டே சொன்னார்: "எனக்கு வேற ஆளு வருவாங்க தங்கச்சி. ஒனக்கு இருக்கறது ஒரே ஆளுதானே."

இன்றைக்கும் அந்தச் சுவரில் சாய்ந்து அவரோடு சண்டை போடுகிறேன். அவர் குரல் கேட்காத நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.