ஸ்பீக்கர் சார் காத்திருந்தார்

இருமுகிற சத்தத்தை வைத்தே ஆளுக்குப் பாடம் புரியவில்லை என்று கண்டுபிடிக்கிற வாத்தியார், பினாங்கு முழுக்கத் தேடினாலும் ஸ்பீக்கர் சாரைத் தவிர வேறு யாரும் கிடைக்கமாட்டார்.

எண்பதுகளின் கடைசி. வேலை பார்த்துக்கொண்டே பட்டத்துக்குப் படித்த நாங்கள், ஞாயிறு காலையில் ஜார்ஜ்டவுனில் ஒரு பள்ளி அறையில் கூடுவோம். மேசைமேல் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு மைக். ஊர்க்கோடியில் இருந்த பல்கலைக்கழகத்திலிருந்து டெலிபோன் கம்பி வழியாகப் பொருளாதாரம் வரும். வாத்தியாரை யாரும் பார்த்ததில்லை. அதனால் பெட்டியின் பெயரே அவருக்கும் ஆகிவிட்டது. பாடம் மலாயில் நடக்கும். திட்டு மட்டும் தமிழில்.

மற்றவர்கள் பாடத்தை வாசித்துவிட்டுப் போவார்கள். இவர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். ஒருநாள் அந்த அமைதியைப் பார்த்து, லைன் செத்துவிட்டதென்று, பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் கிளார்க் அதை அணைத்துவிட்டார். உடனே ஆபீஸ் போன் அடித்தது. "நான் இன்னும் இருக்கேன் லா" என்றார் சார்.

அவர் அதிகம் காத்திருந்தது லெட்சுமி அக்காவுக்காக. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். மைக்கைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்குவார். ஒரு ஞாயிறு, படிப்பை இன்றோடு விட்டுவிடப்போவதாக என்னிடம் சொன்னார். போவதற்கு முன் ஒருமுறை பேசிப்பார்ப்போம் என்று தோன்றியதோ என்னவோ, மைக்கைப் பிடித்தார்.

"சார், எனக்கு ஒண்ணு கேக்கணும்."

அந்த நேரம் பார்த்து இடி விழுந்தது. இந்தத் தடவை லைன் நிஜமாகவே செத்தது. கிளம்பிய அக்காவை, மழை விடட்டும் என்று பிடித்து உட்கார வைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் சொட்டச் சொட்ட நனைந்தபடி ஓர் ஒல்லி இளைஞர் வாசலில் நின்றார். கிளார்க் அவரிடம், மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் யாரும் ஆர்டர் பண்ணவில்லை என்று சொல்லிவிட்டார்.

"லெட்சுமி அக்கா யாரு?"

அந்தக் குரலைக் கேட்டதும் எல்லோரும் எழுந்து நின்றோம். ஆறடி ஆளை அல்லவா மனதில் வைத்திருந்தோம்.

"என்னமோ கேக்கணும்னீங்களேக்கா. லைன் போயிருச்சு, அதான் பஸ் புடிச்சி வந்தேன்."

அக்கா ஓர் அடி முன்னால் வந்தார். "வெல ஏறுனா வாங்குறது கொறையும்னீங்க. அரிசி வெல ஏறுனா நாங்க சாப்பிடாமயா இருக்கோம், சார்?"

சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதுதான் அடுத்த பாடம் என்று சொல்லி, பல் கிடுகிடுக்கக் கரும்பலகையில் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

அக்கா அதற்குப் பிறகு படிப்பை விடவில்லை. மைக்கையும் விடவில்லை, நாங்கள்தான் கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது.

அன்று மழை விட்டதும், சாரை யார் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடுவது என்று எங்களுக்குள் பெரிய சண்டையே வந்துவிட்டது.