தர்மராஜ் வீட்டு நீலக் கதவு

"என் மானத்தையே வாங்கிட்ட!" என்று தர்மராஜ் கத்தினான். கத்திக்கொண்டே மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினான். அது கதவுக்குப் பின்னால் தொங்கிய கூடையில் இருந்தது. "இத எவ இங்க போட்டா?" என்று அதற்கும் சேர்த்துக் கத்தினான்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரோகினி நிமிர்ந்தாள். "என்னங்க ஆச்சு?"

கைப்பேசியை அவள் மூக்குக்கு நேராக நீட்டினான். டிக்டாக்கில் 'மறதி மகராசி' என்று ஒருத்தி. முகம் தெரியவில்லை. இரண்டு கைகள் மட்டும், ஒரு நீலக் கதவில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. 'சாவி? அடுப்பு? பிள்ளை?'

"எனக்கு ஏடிஎச்டி இருக்கு சிஸ்டர்ஸ்," என்றது கிளிக்குரலாக மாற்றிய குரல். "மூளை ஒரு எடத்துல நிக்காது. இத்தன வருசமா சோம்பேறின்னு திட்டு வாங்கினேன், டாக்டர் சொல்லித்தான் என்னன்னு தெரிஞ்சது. வெளிய போறப்ப கண்ணுல படுற மாதிரி இப்படி ஒட்டிருங்க. நான் பட்டது போதும் லா, நீங்களாவது தப்பிச்சிக்குங்க."

வீடியோவுக்குக் கீழே கமெண்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். செனாவாங் ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாறினால் எல்லாமே குழம்புகிறது என்று ஒருத்தி அழ, யூனிஃபார்மையும் பாஸையும் ஒரே ஹேங்கரில் மாட்டு என்று இன்னொருத்தி சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"நம்ம கதவு! நம்ம சீட்டு!" என்று தர்மராஜ் கதவைத் தட்டிக் காட்டினான். அங்கேயும் அதே சீட்டு ஒட்டியிருந்தது. "ஞாயித்துக்கிழமை கோயில் தலைவர் தேர்தல். பொண்டாட்டி கீலா, பைத்தியம்னு தெரிஞ்சா எவன் எனக்குக் கை தூக்குவான்?"

"அது நான் இல்லங்க."

"அப்ப இது யாரு கை?"

கேட்டானே ஒரு கேள்வி! கல்யாணமான நாளிலிருந்து அவன் அவள் கையைப் பார்த்ததே இல்லை. அந்தக் கை நீட்டுகிற தட்டைத்தான் பார்த்திருக்கிறான். தோட்ட நிர்வாகம் லயத்து வீடுகள் அத்தனைக்கும் ஒரே நீலத்தைத்தான் அடித்திருந்தது. தினமும் அந்த வரிசையைக் கடந்து செம்பனைக் குலை வெட்டுவதை மேற்பார்க்கப் போகிற மண்டோர் தர்மராஜுக்கு அதுகூட உறைக்கவில்லை.

ரோகினியின் போனைப் பிடுங்கி ஒளித்துவைத்தான். அத்தோடு சனியன் விட்டது என்று நினைத்தான்.

மறுநாளே புது வீடியோ வந்தது.

"போனே இல்லாம எப்படிடி போட்ட?"

"அதத்தான் நானும் கேக்குறேன். என் போன் எங்க?"

தர்மராஜ் யோசித்தான். எங்கே ஒளித்தோம் என்பது சுத்தமாக நினைவில்லை. "உனக்குத்தான மறதி? நீயே தேடு!" என்று பாய்ந்தான்.

பிறகு தன் சொந்தப் பெயரில், மாலை போட்ட படத்தோடு, வீடியோவுக்குக் கீழே எழுதினான். 'இது வியாதி இல்லை. திமிர்.' பெண்கள் சும்மா விடுவார்களா? ஒருத்திக்கு அவன் பதில் எழுதினால் பத்துப் பேர் வந்தார்கள்.

சாயந்திரம் கோயில் செயலாளர் திருச்செல்வம் கூப்பிட்டார். "தம்பி, நிறுத்துப்பா. மம்பாவ் ஊர்ல இருக்கிற என் சம்பந்தி வரைக்கும் அந்த வீடியோ வந்திருச்சி. நீ திட்டத் திட்டத்தான் அது எல்லார் போனுக்கும் போகுதாம்."

"அப்படியா? இன்னும் நல்லா திட்டுறேன்ணே!"

அந்த மும்முரத்தில் டியூஷனிலிருந்து மகளைக் கூட்டிவர மறந்தான். பக்கத்து வீட்டு மோகனாதான் தன் காரில் கொண்டுவந்து விட்டாள்.

"எனக்கு ஆயிரம் வேல டென்ஷன். ஒரு வார்த்த ஞாபகப்படுத்தக் கூடாதா?" என்று அதற்கும் ரோகினி மேலேயே விழுந்தான்.

ரோகினி கரண்டியை வீசினாள். "சொன்னா நச்சரிக்கிறேன்னு கத்துறீங்க. சொல்லலன்னா ஏன் சொல்லலன்னு கத்துறீங்க. சீட்டுல எழுதி ஒட்டினா என்னைய பைத்தியம்ங்கிறீங்க. நான் என்னதாங்க செய்யணும்? எனக்கு அலுத்துப் போச்சிங்க!"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பார்கள். தர்மராஜுக்கு வேறொரு யோசனை உதித்தது. தன் வீடு ஒழுங்கான வீடு என்று ஊருக்கே காட்டிவிட வேண்டும். வேகமாக மோட்டாரில் கடைக்குப் போய் டேட்டா போட்டுக்கொண்டு வந்தான். சட்டை மாற்றினான். திருநீறு பூசினான். லைவைத் தொடங்கினான்.

"வணக்கம். நான்தான் மண்டோர் தர்மராஜ். எங்க வீட்டுல எந்த மறதியும் கிடையாது. பாருங்க, இது எங்க சமையல்கட்டு."

பார்த்தார்கள். நீலக் கதவைப் பார்த்தார்கள். சீட்டைப் பார்த்தார்கள். சாவிக் கூடையைப் பார்த்தார்கள். பின்னால் அடுப்பில் அவன் காப்பிக்கு வைத்த தண்ணீர் வற்றி, பாத்திரம் கருகுவதையும் பார்த்தார்கள்.

'சார், அடுப்பு!' என்று திரையில் கொட்டியது.

அப்போது அரிசி டின்னுக்குள்ளிருந்து ரோகினியின் குரல் வந்தது. ஒளித்துவைத்த போனின் அலாரம். "மோட்டார்லேர்ந்து சாவிய எடுத்தாச்சா? மோட்டார்லேர்ந்து சாவிய எடுத்தாச்சா?"

தர்மராஜ் டின்னைத் திறப்பதற்குள் அரிசி தரையெல்லாம் கொட்டியது. ரோகினி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"பாத்தீங்களா மக்களே!" என்று அவன் கேமராவை அவள் பக்கம் திருப்பினான். "இவதான் அந்த மறதிக்காரி! நானே சொல்லிடுறேன். இவள வச்சிக்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்!"

நீலக் கதவு படாரென்று திறந்தது. மோகனா நின்றாள். கையில் அவளுடைய போன், அதில் அவனுடைய லைவ். இன்னொரு கையை நேராகக் கேமரா முன்னால் நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்ததும் திரையில் பெண்கள் 'மகராசி! மகராசி!' என்று குவிந்தார்கள்.

அந்தக் கையில் தர்மராஜின் மோட்டார் சாவி இருந்தது.

"வாசல்ல மோட்டார்லயே தொங்குதுண்ணே," என்றாள் மோகனா. "எனக்கு இருந்தா அது திமிரு, உங்களுக்கு இருந்தா வேல டென்ஷனா? ஏடிஎச்டி எனக்குத்தான், ரோகினிக்கு இல்ல. அந்தச் சீட்டு, கூடை, அலாரம் எல்லாம் அவ என் வீடியோவப் பாத்து உங்களுக்காக வச்சது."