தலைகீழ் ஆக்சிலேட்டர்

என் மனைவி யாவுமாரா அந்த வண்டியை ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்றிக்கறி தின்றுகொண்டே இந்த முடிவை எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதுவும் என்னைத் தேடவில்லை. கல்யாணமாகி ஐந்து மாதம். ஹிகுவானி ஊரில் மாமனார் வீட்டிலேயே குடித்தனம். அவர் பெயர் ரெம்பெர்த்தோ. ஐம்பத்திரண்டாம் வருஷத்து பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். பக்கத்து நகரமான பயாமோவுக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி. இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது.

"சனிக்கிழமை ரெண்டு பேரும் ஓட்டிக் காட்டுங்க. கையில காபியோட பக்கத்துல உக்காருவேன். யாரு சிந்தாம ஓட்டுறீங்களோ, வண்டி அவங்களுக்கு" என்றார்.

யாவுமாரா என்னைவிட நன்றாக ஓட்டுவாள். இதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஆனால் எஞ்சின் என் கையில் இருந்தது. பழைய பெட்ரோல் எஞ்சின் செத்துவிட்டது. செத்த ரஷ்ய டிராக்டர் ஒன்றின் டீசல் எஞ்சினை நான்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் பொருந்தியது, ஆக்சிலேட்டர் கம்பியைத் தவிர. பழைய எஞ்சினுக்குக் கம்பி இழுக்க வேண்டும். இதற்குத் தள்ள வேண்டும். நான் யோசிக்காமல் பழையபடியே மாட்டினேன். பெடலை மிதித்தேன், எஞ்சின் அடங்கியது. காலை எடுத்தேன், அலறியது.

நல்ல மனிதன் அதைச் சரிசெய்திருப்பான். நான் அரை மணி நேரம் யோசித்தேன். அப்படியே விட்டுவிட்டேன். இதை ஓட்டப் பழகியவன் மட்டும்தான் ஓட்ட முடியும். பழகப் போகிறவன் நான் மட்டும்தான். கம்பி கழன்றுவிடாமல் இருக்க யாவுமாராவின் தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்துச் சொருகினேன்.

"என்னடா ஓஸ்னி, மிதிச்சா அடங்குது, விட்டா கத்துது?" என்றாள் யாவுமாரா.

"டீசல் அப்படித்தான்டி."

"எதிர்வீட்டு நாயும் அப்படித்தான். அது கோளாறு இல்லையா?"

"ரஷ்யாக்காரன் கண்டுபிடிச்சது. உனக்குப் புரியாது."

"ரஷ்யாவுல காலைத் தூக்கிக்கிட்டா வண்டி ஓட்டுறாங்க?"

"குளிர்ல கால் வெறைச்சிடும். மிதிக்க முடியாதுல்ல. அதான்."

என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

"அது கெடக்கட்டும். என் பெரிய கொண்டை ஊசியப் பாத்தியா?"

"இல்ல."

ஐந்து நாள் காலையில் கரும்புக்காட்டுப் பாதையில் பழகினேன். தூக்கினால் ஓடும், மிதித்தால் அடங்கும். வெள்ளிக்கிழமைக்குள் கால் முழுசாக மனம் மாறிவிட்டது. அன்று மதியம் டாமினோ ஆடப் போனேன். ஜெயித்தேன். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை. மாமனார் வெள்ளைச் சட்டையில், காபிக் கோப்பையுடன் ஏறினார். எஞ்சினை யாவுமாராவே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தாள்.

"நீயே மொதல்ல போ" என்றாள். அந்தப் பெருந்தன்மையில் நான் பயந்திருக்க வேண்டும்.

வலது காலைத் தூக்கிக்கொண்டு கிளட்சை விட்டேன். வண்டி மெல்ல நகர்ந்தது. எஞ்சின் அலறவே இல்லை. இன்றைக்கு அதற்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பூ மாதிரி போகுது மாப்ள" என்றார் மாமனார்.

எதிரே ஒரு பன்றி குறுக்கே வந்தது. வேகத்தைக் குறைக்க மிதித்தேன். வண்டி பாய்ந்தது. இன்னும் அழுத்தி மிதித்தேன். இன்னும் பாய்ந்தது. பிரேக் ஞாபகம் எனக்கு வந்தது, காலுக்கு வரவில்லை. பன்றி தப்பித்தது. மூன்று வாழைமரங்கள் தப்பவில்லை. காபி முழுவதும் வெள்ளைச் சட்டையில்.

யாவுமாரா நிதானமாக நடந்து வந்து பானட்டைத் திறந்தாள்.

"நேத்து நீ டாமினோவுக்குப் போனப்ப என் ஊசியத் தேடினேன். இங்க இருந்துச்சு. உருவினேன், கம்பி கழண்டுச்சு. மேல் ஓட்டையில இருந்தத கீழ் ஓட்டையில மாட்டி, ஒரு ஆணிய வளைச்சுச் சொருகிட்டேன். இப்ப எல்லா வண்டியும் மாதிரி மிதிச்சா ஓடும், விட்டா அடங்கும். தையல் மிஷின் மிதிக்கிறவளுக்கு இது தெரியாதாடா?"

"சொல்லியிருக்கலாமேடி!"

"ரஷ்யாக்காரன் கண்டுபிடிச்சதுல கை வச்சேன்னு திட்டுவியே."

அவள் கொண்டையில் அந்த ஊசி இருந்தது. கிரீஸ் கறையோடு.

மாமனார் சட்டை மாற்றி, இன்னொரு கோப்பை காபியோடு வந்தார். யாவுமாரா ஊர் எல்லை வரை போய்த் திரும்பினாள். கோப்பையை என்னிடம் காட்டினார். விளிம்பு வரை இருந்தது.

திங்கட்கிழமை காலை, பயணிகள் காத்திருந்தார்கள். யாவுமாரா ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள். நான் முன்கதவைத் திறந்தேன்.

"பின்னாடி ஏறிக்கோ மாப்ள" என்றார் மாமனார். "காலை மட்டும் எதுமேலயும் வைக்காத."