வட்டிலப்பத்தில் விழுந்த சேர்

பயிற்சி முடித்து வந்த புதிதில் எந்த ஆசிரியருக்கும் உலகத்தைத் திருத்தும் வெறி இருக்கும். அது இறங்கச் சிலருக்கு வருடக்கணக்காகும். எனக்கு ஒரு சட்டி வட்டிலப்பம் போதுமாக இருந்தது.

கல்முனைப் பக்கத்துப் பாடசாலையொன்றின் விசேட கல்வி அலகுக்கு அப்போது நான் மட்டுமே ஆசிரியர். என்னிடம் பர்ஹா என்றொரு பிள்ளை படித்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை. கணக்கிலோ சூரப்புலி. நான் கூட்டி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, “அடுத்தது என்ன சேர்?” என்பாள். (அடுத்தது எனக்கே தெரியாது.) எழுத்துப் பழகும் சின்னஞ்சிறுசுகளோடு அவளை இருத்தி வைத்திருப்பது எனக்குப் பெரிய பாவமாகப் பட்டது. ஆறாம் ஆண்டு வகுப்பில் இருக்க வேண்டியவள்.

அதிபர் சம்மதிக்கவில்லை. கெட்ட மனிதரல்ல, பயந்த மனிதர்.

“புள்ளைக்கு மூள இரிக்கு, நான் இல்லண்டு சொல்லல்ல. அங்க இஞ்ச விழுந்து கிழுந்தா யாரு பதில் சொல்ற?”

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வருகிறார் என்றதும் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. (அதுதான் பிரச்சினையே.) கண்ணைக் கட்டிக்கொண்டு பர்ஹாவோடு ஆறாம் ஆண்டு வகுப்புவரை நானும் நடப்பது. நானே நடந்துவிட்டால் அவள் நடக்கமாட்டாளா? பாடசாலை விட்டபின் இரகசியமாகப் பழகிப் பாதையை மனப்பாடம் செய்தேன். பர்ஹாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவன் நானல்லவா.

விருந்தாளி வந்தால் வாய்க்கு இனிப்பு வைக்காமல் எங்கள் ஊர் விடாது. பிள்ளைகளின் உம்மாமார் பெரிய சட்டியில், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் கலந்து அவித்த வட்டிலப்பம் கொண்டுவந்து மண்டபத்து மேசையில் வைத்திருந்தார்கள். நான் மனைவியின் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு அலகின் வாசலில் அதிகாரிக்கு நீண்ட உரையொன்று நிகழ்த்திக்கொண்டிருந்த நேரத்தில், மண்டபத்துப் புழுக்கம் தாங்காமல் மேசையை வேப்பமர நிழலுக்கு மாற்றிவிட்டார்கள். நிழல் என் பாதையில் இருந்தது.

நான் வீறாப்பாக நடந்தேன். பக்கத்தில் பர்ஹாவின் வெள்ளைப் பிரம்பு தட்டிக்கொண்டு வந்தது. திடீரென்று நின்றது.

“சேர், நில்லுங்க.”

“பயப்பிடாத மகள், சேர் இரிக்கன்தானே,” என்று சொல்லிக்கொண்டே போனேன்.

முதலில் மேசை என்மேல் பட்டது. பிறகு நான் மேசைமேல் பட்டேன். தாடியிலிருந்து இடுப்புவரை வட்டிலப்பம், மூக்குக்குள் ஒரு முந்திரி. (ஏன் ஒருவரும் தடுக்கவில்லை? இதுவும் நிகழ்ச்சியில் ஓர் அம்சம் என்று நினைத்தார்களாம்.)

“யா அல்லாஹ், அவ்வளவும் போச்சே,” என்றார் ஓர் உம்மா. அவர் சொன்னது என்னைப் பற்றி அல்ல.

வெட்கத்தைவிடப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அதிபருக்கு இனி வேறு காரணமே வேண்டாம், பர்ஹாவின் வாழ்க்கையில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால், அவள் மேசையைச் சுற்றிப் போய் ஆறாம் ஆண்டு வகுப்பின் முன் வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள்.

“மேசை இரிக்கிற எப்படி மகள் விளங்கின?” என்று அதிகாரி கேட்டார்.

“ஏலக்காய் வாசம் வந்திச்சு மிஸ். ஈயும் இரைஞ்சிச்சு. சேர்ட மூக்குக்கு ஏன் வரல்ல எண்டுதான் எனக்கு விளங்கல்ல.”

அதிபர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். “புள்ள நாளைக்கே இந்த வகுப்புக்கு வரட்டும் மிஸ். விழுற ஆள் ஆரெண்டு பார்த்தாச்சுத்தானே.”

இன்றும் கல்யாண வீடுகளில் வட்டிலப்பம் வந்தால் என் மச்சான் சட்டியைக் கையால் மறைத்துக்கொண்டு, “சேர், நில்லுங்க,” என்பார். சபையே சிரிக்கும். எனக்குப் பழகிவிட்டது.

போன மாதம் பர்ஹா வீட்டுக்கு வந்தாள். கணக்குப் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். அவளுடைய உம்மா வட்டிலப்பச் சட்டியை எங்களுக்கு நடுவில் இருந்த மேசையில் வைத்தார். சந்தோசத்தில் கண் கலங்கி, ஒன்றும் தெரியாமல் நான் எழும்பி அவளிடம் போனேன்.

“சேர், நில்லுங்க.”

இந்த முறை நின்றேன்.